இல்லாதவனிடம் சிக்கனம் பேசலாமா?



சென்ற ஆண்டுக் கடைசியில், ஈப்போ புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் இளைஞர் வகுப்பு நடந்தது. தேவாரம் பாடி முடிந்து, பிரசாதமும் கொடுத்தாயிற்று. கடைசி அரை மணி நேரம் சிக்கனத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். நானும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். வரவு செலவு எழுதுங்கள், கடையில் தே தாரேக் குடிப்பதைக் குறையுங்கள், சிறு துளி பெருவெள்ளம் என்றேன்.

பின்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்கினான். வேலை முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடே வந்திருந்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சம்பளமே பத்தல. எதைப் போய் சேமிக்கிறது? இருக்கிறவங்க எல்லாம் இல்லாதவங்கள பாத்து சிக்கனமா இருன்னு சொல்றது நியாயமா?"

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பிறகு மண்டபம் அமைதியானது. நான் ஏதோ சமாளித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் மோட்டாரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். அவன் கேட்டது பணக் கணக்கு அல்ல, தர்மக் கணக்கு. அதற்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் சிக்கனம் பேச எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அவன் கேள்வியில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டிமார் கித்தா மரத்தில் பால் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 'இந்தத் தமிழனுங்க சம்பாதிக்கிறத எல்லாம் கள்ளுக்கடையில கொட்டிடுறானுங்க' என்று அவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இன்றுகூட நம்மவர்களே அதைச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கள்ளுக்கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்குள்ளேயே, துரைமார் நிர்வாகத்தின் அனுமதியோடு இருந்தது. காலையில் கொடுத்த கூலி சாயங்காலம் அங்கே திரும்பிப் போனது. ஒரு கையால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் விரல் நீட்டி 'ஊதாரி' என்பது என்ன நியாயம்?

இதை நம் ஆட்கள் அப்போதே புரிந்துகொண்டார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கோரிக்கை வைத்தார்கள். போருக்குப் பிறகு 1946, 1947-இல் கெடா தோட்டங்களில் 'தொண்டர் படை' கிளம்பியது. அந்தத் தொண்டர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள், போலீஸோடு மோதல் வரை போனார்கள். கவனியுங்கள், அவர்களுக்கு யாரும் மேடை போட்டு சிக்கனம் போதிக்கவில்லை. 'எங்க கூலி எங்க வீட்டுக்குப் போகணும்' என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

ஆகவே சிக்கனத்தை இரண்டு விதமாகப் பேசலாம். மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம், 'உன் கஷ்டத்துக்கு நீயே காரணம்' என்ற அர்த்தத்தில் பேசுவது ஒன்று. அது அதர்மம். கூலியைக் குறைத்தவன் தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் வழி அது. கையில் இருப்பது கொஞ்சமே என்றாலும் அதை எங்கே வைப்பது என்று நானே முடிவு செய்வேன் என்று உழைப்பவனே சொல்வது மற்றொன்று. அது சுயமரியாதை. வார்த்தை ஒன்றுதான், சொல்கிறவன் வேறு.

இந்த இரண்டாவது விதத்துக்கு நம் பேராவிலேயே ஒரு வேர் இருக்கிறது.

துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். அவர் அமைச்சராக இருந்த காலத்தில் தோட்டங்களில் ஒரு பெரிய ஆபத்து வந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய தொழிலாளிக்கு வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போச்சு, ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, ஒரு கையெழுத்தில் நிற்க இடம் இல்லாமல் போனது.

அதற்குப் பதிலாகத்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. யோசனை எளிமையானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். எல்லாரும் கட்டினால், விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் இதை எடுத்துச் சொன்னார். அடுத்த ஆண்டு, 1961-இல், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. 1979-இல் இறக்கும் வரை அந்தச் சங்கத்தை விட்டு அவர் விலகவில்லை.

அந்தக் காலத்தில் பத்து வெள்ளி என்றால் என்ன? எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். "மூணு நாள் வெட்டு சாமி அது" என்பார். மழை பெய்தால் பெரட்டு முடிந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அப்படிப்பட்ட கூலியிலிருந்து பத்து மாதம் பத்துப் பத்து வெள்ளி கட்டி, பாட்டி ஒரு பங்கு வாங்கினார். தாத்தா திட்டினாராம். "நம்ம தோட்டத்தையா வாங்கப் போறாங்க? யாரு தோட்டத்துக்கோ நீ ஏன் கட்டுற?"

பாட்டி சொன்ன பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "நம்ம தோட்டமா இல்லாட்டி என்ன? எங்கியோ ஒரு லயத்துல, ஒரு பொம்பளையோட சட்டி பானைய வெளிய தூக்கிப் போடாம இருப்பானுங்க இல்ல?"

பள்ளிக்கூடம் போகாத ஒரு மனுஷி சொன்னது இது. சிக்கனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த தத்துவம் முழுவதும் அதில் இருக்கிறது. பாட்டி சேர்த்தது பணக்காரி ஆவதற்காக அல்ல. ஒரு மனிதனை இன்னொருவன் 'வெளியே போ' என்று சொல்ல முடியாத ஒரு நிலைக்காக. அதுவும் தனக்கு மட்டும் அல்ல, முகம் தெரியாத ஒருத்திக்கும் சேர்த்து.

இது தமிழர்களுக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைக்க வேண்டாம். தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து எழுதிய பேராசிரியர் உங்கு அஜிஸ், கம்பத்து மலாய்க்காரர்களின் நிலைமையையும் பார்த்தார். ஹஜ் யாத்திரைக்காக நிலத்தையும் ஆடுமாடுகளையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் பலர். அவர்கள் சிறுகச் சிறுகச் சேமித்துப் போக ஒரு திட்டத்தை 1959-இல் எழுதிக் கொடுத்தார். 1963-இல் தொடங்கி, இன்று தாபோங் ஹாஜி என்று நாம் அறியும் நிறுவனம் அதிலிருந்து வந்தது. நான்கு ஆண்டு இடைவெளிக்குள், ஒரே நாட்டில், இரண்டு ஏழைச் சமூகங்கள் ஒரே விடையைக் கண்டன. தனி ஆளின் பத்து வெள்ளிக்கு பலம் இல்லை. ஆயிரம் பேரின் பத்து வெள்ளி நிலம் ஆகும், யாத்திரை ஆகும்.

சரி, நம் சமயம் என்ன சொல்கிறது? பணத்தைத் தொடாதே என்று சொல்கிறதா? இல்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் பொருளும் ஒரு புருஷார்த்தம்தான். திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் இருக்கின்றன. பொருள் தேடும் வகையைச் சொல்ல அதில் ஓர் அதிகாரம். அதே பாலில், யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் செல்வத்தைப் பழிக்க 'நன்றியில் செல்வம்' என்று இன்னோர் அதிகாரம். வள்ளுவர் இரண்டையும் ஒரே பாலில் வைத்தார். பொருள் வேண்டும், ஆனால் அது அறத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் கோடு போட வேண்டும். பாட்டி தேங்காய் திருகிய சிரட்டையைக்கூட வீணாக்க மாட்டார். ஆனால் பக்கத்து லயத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். தன் ஆசையை அடக்கினார், பிறர் பசியை அடக்கச் சொல்லவில்லை. கஞ்சன் செய்வது இதற்கு நேர் எதிர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன நம் பெரியவர்கள், போடவே போடாதே என்று சொல்லவில்லை.

இனி அந்தத் தம்பியிடம் திரும்புவோம். இரண்டு வாரம் கழித்து அதே மண்டபத்தில் அவனோடு உட்கார்ந்தேன். இந்தத் தடவை பேச்சு இல்லை, ஒரு தாளும் பேனாவும்தான். ஓ.டி. இல்லாத மாதத்தில் அவன் சம்பளம் 2,100 வெள்ளி. ஈ.பி.எஃப்., சொக்சோ எல்லாம் போக கையில் 1,855. பிளாட் வாடகை 500. அம்மாவுக்கு 300. மோட்டார் தவணை 230. சாப்பாடு 430. பெட்ரோல் 120. கைப்பேசி 78. 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' முறையில் எடுத்த பொருள்களுக்கு 190. கூட்டினால் 1,848. மிச்சம் ஏழு வெள்ளி.

"பாத்தீங்களா அண்ணே? நான் பொய் சொல்லல" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் தே தாரேக் கதை சொல்லியிருந்தேன். 2025-இல் இந்த நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்த அளவில் வாழும் குடும்பத்திடம் 'இன்னும் சுருக்கு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இந்த மாசம் உன்னால சேர்க்க முடியாது தம்பி. அது உன் குத்தம் இல்ல" என்றேன். அவன் முகம் கொஞ்சம் இளகியது.

பிறகு இரண்டு பேரும் அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தோம்.

அம்மாவுக்குக் கொடுக்கும் 300-ஐத் தொடக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அதைக் குறைத்துச் சேமித்தால் அது சிக்கனம் அல்ல, கடமையை விற்பது.

அடுத்து, அவன் பார்க்காத ஒரு பணம். சம்பளத்தில் 11 விழுக்காடு, அதாவது 231 வெள்ளி, ஈ.பி.எஃப்.புக்குப் போகிறது. முதலாளி 13 விழுக்காடு, 273 வெள்ளி போடுகிறார். மொத்தம் மாதம் 504 வெள்ளி. "மிச்சம் ஏழுன்னு சொல்ற. ஆனா மாசா மாசம் ஐந்நூறு சேர்த்துக்கிட்டுத்தான் இருக்க" என்றேன். அவன் அதைத் தன் பணம் என்று நினைத்ததே இல்லை. 2024 மே மாதத்திலிருந்து ஈ.பி.எஃப். மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. முதல் கணக்குக்கு 75 விழுக்காடு, இரண்டாவதுக்கு 15, மூன்றாவதுக்கு 10. அந்த மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவன் ஒவ்வொரு மாதமும் அந்த ஐம்பது வெள்ளியை எடுத்துவிடுகிறான். எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டுமா? அவசரத்துக்கு என்று ஒரு குடம் வைத்துவிட்டு, தாகம் இல்லாமலேயே அதைக் குடித்துத் தீர்ப்பது போல அது. இனி தொடுவதில்லை என்று அவனே சொன்னான்.

கடைசியாக அந்த 190 வெள்ளி. ஒரு கைப்பேசி, ஒரு ஜோடி காலணி, சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு. "கோட்டு எதுக்கு?" என்றேன். "எல்லாரும் போட்டிருந்தாங்க அண்ணே."

இதைக் கேட்டதும் எனக்குத் தோட்டத்துக் கடைக் கணக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. பாட்டி காலத்தில் மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்குவார்கள். சம்பள நாளில் கடைக்காரர் புத்தகத்தோடு வந்து நிற்பார். கூலியை வாங்கி எண்ணுவதற்கு முன்பே அது அவருடையது. இன்று அந்தப் புத்தகம் நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் கடன் சொன்ன பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கோட்டுக்குக் கடன் சொல்வது வேறு. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்துக்கு வட்டி கட்டுவது அது. விரலுக்கேத்த வீக்கம் என்பார்கள். கோட்டுக்குக் கைதட்டிய ஊர் தவணைக்கு வந்து நிற்காது.

வட்டியின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு அதற்கு மேல் வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது. ஆலோங்கிடம் போனால் கதை வேறு. ஆயிரம் வெள்ளிக்கு வாரம் நூறு வெள்ளி வட்டி என்றால், ஓர் ஆண்டில் 5,200 வெள்ளி கட்டியிருப்பீர்கள். வாங்கிய ஆயிரம் அப்படியே நிற்கும். ஏற்கெனவே கடனில் மூழ்கியிருப்பவர்கள் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. இருக்கிறது. அங்கே ஆலோசனை இலவசம். கடனைச் சொல்வது அவமானம் அல்ல. மறைத்து வைத்துக் குடும்பத்தையே அதில் இழுப்பதுதான் தவறு.

நம் வீட்டுப் பெண்கள் கூட்டு கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துப் பேர் மாதம் நூறு வெள்ளி போட்டு, ஆளுக்கு ஒரு மாதம் ஆயிரமாக எடுப்பது. நம் மொழியின் 'கூட்டு' என்ற அந்தச் சொல்லே இந்நாட்டுச் சட்டத்தின் பெயரில் ஏறியிருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டம், அதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்கிறது. ஏன்? தலைவி பணத்தோடு ஓடிவிட்டால் கேட்க வழியில்லை. கூட்டின் பின்னால் இருக்கும் நம்பிக்கை உயர்ந்ததுதான். ஆனால் நம்பிக்கைக்குக் கணக்கும் வேண்டும். சம்பந்தன் பத்து வெள்ளியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பதிவு செய்த சங்கம், பங்குச் சான்றிதழ், ஆண்டுக் கூட்டம் எல்லாம் வைத்துத்தான் வாங்கினார். பாட்டியின் அந்தச் சான்றிதழ் அவருடைய தகரப் பெட்டியில், முருகன் படத்துக்குக் கீழே, கடைசி வரை இருந்தது.

தம்பியும் நானும் எடுத்த முடிவு சின்னதுதான். நான்கு மாதத்தில் அந்தத் தவணைகள் முடியும். முடிந்த அன்று புதுப் பக்கம் திறக்கக்கூடாது. விடுபடும் 190 வெள்ளியில் நூறு அவசரத்துக்கு. ஐம்பது, வெல்டிங் சான்றிதழ் எடுக்கும் செலவுக்கு. ஏனென்றால் 2,100 வெள்ளியை எவ்வளவு சுருக்கினாலும் அது 2,100தான், வரவும் ஏற வேண்டும். மிச்சம் நாற்பது அவன் இஷ்டம். படம் பார்க்கட்டும், நண்பர்களோடு சாப்பிடட்டும். இன்பமும் ஒரு புருஷார்த்தம்தானே.

இதை இங்கே எழுதும்போது ஆறாவது மாதம் நடக்கிறது. ஒரு மாதம் மோட்டார் பழுதாகி, சேர்த்த நூறும் போய்விட்டது. "திரும்ப சைபர் அண்ணே" என்று குறுஞ்செய்தி போட்டான். கடன் வாங்கினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் அந்த நூறு அதன் வேலையைச் செய்துவிட்டது.

அவன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். இல்லாதவனிடம் சிக்கனம் பேசலாம், ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. அவன் கூலி போதுமா என்ற கேள்வியை மறைக்க அதைப் பேசக்கூடாது. பேசுகிறவன் தாளும் பேனாவுமாக அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கேட்கிறவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நூறு வெள்ளி சேர்த்ததும் அடுத்த தம்பியின் பக்கத்தில் அவன் போய் உட்கார வேண்டும்.

போன வாரம் வகுப்பில் அவன் அதைச் செய்வதைப் பார்த்தேன். பின்வரிசையில், படிவம் ஐந்து முடித்த ஒரு பையனோடு, ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.